மார்கழி ஓசோனும் பங்குனி மூச்சும்

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டுக்கு இரண்டு சங்கதிகள் தவறாமல் வந்து சேரும். ஒன்று, விடியுமுன்னே சிவலோகநாதர் கோயில் ஒலிபெருக்கி. இன்னொன்று, சித்தப்பா அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி. மார்கழி அதிகாலையில் ஓசோன் வாயு பூமிக்குப் பக்கத்தில் இறங்கி வருகிறதாம். அதை இழுத்து மூச்சு விட்டால் ஆயுள் கூடுமாம். அது தெரிந்துதான் நம் முன்னோர் பெண்களை விடியுமுன்னே எழுப்பிக் கோலம் போடச் சொன்னார்களாம். கடைசியில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு கும்பிடு.

போன மார்கழியில் அம்மா அந்தச் செய்தியைத் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். தலையில் மப்ளர், மடியில் பஃப். அவளுக்கு இழுப்பு உண்டு. காரைக்கால் தலத்தெருவில் அவளுக்குத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"ஏன்டா, இந்தக் காத்து நல்லதாமே? அப்ப நான் கோலம் போட்டா எனக்கு இழுப்பு நிக்குமா?"

பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு அதற்குச் சம்பந்தமே இல்லாத வேலை பார்க்கிறவன் நான். அம்மா கேட்டபோது மட்டும் அந்தப் பட்டம் ஞாபகம் வந்தது. "கோலம் போடும்மா, குனிஞ்சு நிமிர்ந்தா நல்லதுதான். ஓசோனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன். "ஒனக்குச் சித்தப்பாவவிடத் தெரியுமாக்கும்" என்று உள்ளே போய்விட்டாள்.

இந்தப் பதிவு சித்தப்பாவுக்குப் பதிலாகத்தான் தொடங்கியது. பங்குனி வெயில் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் செப்டம்பர் 16 வந்தால் ஓசோன் தினம் என்று ஓவியப் போட்டி வைப்பார்கள். பூமிக்குக் குடை பிடித்த மாதிரி வரைவோம், குடையில் ஓட்டை போடுவோம், பரிசு வாங்குவோம். அந்தக் குடை நிஜம். வானத்தில் இருக்கும் ஓசோனில் பத்தில் ஒன்பது பங்கு மேலே, அடுக்கு மண்டலத்தில் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரை அது வடிகட்டாவிட்டால் நாம் இல்லை. மிச்சமுள்ள பத்தில் ஒரு பங்கை யாரும் எங்களை வரையச் சொன்னதில்லை. அது கீழே, நம் மூக்குக்கு எட்டும் உயரம்வரை இருக்கிறது. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே மூலக்கூறு, மூன்று ஆக்சிஜன் அணு. மேலே கதிரை வடிகட்டி நம்மைக் காப்பாற்றும் அது, கீழே நுரையீரலின் உட்சுவரோடு முரட்டுத்தனமாக வினைபுரிகிறது. தொண்டை கரகரப்பு, நெஞ்சு இறுக்கம், இருமல் வரும். இழுப்புக்காரர்களுக்கு இழுப்பு கூடும்.

வாசனை தெரிய வேண்டுமா? பழைய ஜெராக்ஸ் மெஷின் நூறு பக்கம் ஓடி முடித்ததும் கடைக்குள் ஒரு சுருக்கென்ற மணம் நிற்குமே, அதில் ஓசோன் உண்டு. இடி இடித்து மின்னல் வெட்டியதும் சில நேரம் வருவதும் அதுதான். 1839-40 வாக்கில் பாசல் நகரத்தில் இருந்த வேதியியலாளர் ஷோன்பைன் இந்த வாயுவைக் கண்டுபிடித்ததே மூக்கால்தான். ‘மணப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்துப் பெயராக வைத்தார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எந்தப் புகைபோக்கியிலிருந்தும், எந்த சைலன்சரிலிருந்தும் ஓசோன் வருவதில்லை. அது வானத்தில் சமைக்கப்படுகிறது. வண்டி, ஜெனரேட்டர், விசைப்படகு, கப்பல், மின் நிலையம் என்று எங்கே எரிபொருள் எரிந்தாலும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும். அதுதான் அரிசி. பெட்ரோல் ஆவி, பெயின்ட், சில மரங்களே விடும் ஆவி, இவையெல்லாம் உலைத் தண்ணீர். வெயில்தான் அடுப்பு. காலையில் உலை வைத்தால் மத்தியானம் சோறு. ராத்திரி அடுப்பு அணைந்துவிடும், புதிதாக ஒரு பருக்கையும் வேகாது. இருந்த மிச்சமும் தரையில், இலையில், சுவரில் பட்டுக் கரைந்துகொண்டே போகும். ஆக, எங்கள் ஊர் போன்ற சமவெளியில் இருபத்துநாலு மணி நேரத்தில் ஓசோன் ஆகக் குறைவாக இருக்கும் நேரம் எது? விடியற்காலை. சித்தப்பா சொல்லும் அதே அதிகாலை.

எங்கள் ஊர்ச் சமையலறையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். நாகப்பட்டினம் போகும் சாலை. மீனவக் குப்பங்களில் கட்டிக் கிடக்கும் டீசல் விசைப்படகுகள். 2009-இலிருந்து வாஞ்சூர் பக்கம் துறைமுகம், அதற்கு வரும் கப்பல்கள், லாரிகள். திருமலைராயன்பட்டினத்தில் 2000-இலிருந்து ஓடும் 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம். பிறகு, எல்லையோரப் பெட்ரோல் பங்குகள். புதுச்சேரி வரி குறைவு என்பதால் நாகூர்க்காரர்கள் வாஞ்சூருக்கு வந்துதான் டேங்க் நிரப்புவார்கள். மூடியைத் திறந்து குழாயைச் செருகும்போது வெயிலில் நெளிந்து எழும்பும் ஆவி கண்ணுக்கே தெரியும். அதுவும் உலையில் விழும் தண்ணீர்தான்.

இதையெல்லாம் சொன்னதும் பக்கத்து வீட்டுத் தம்பி சிரித்தான். "அண்ணே, போன்லயே வருது பாருங்க" என்று காட்டினான். காரைக்கால், காற்று நன்று, பச்சை வட்டம், கீழே ஓசோனுக்கு ஓர் எண்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். இந்த மாதிரி செயலிகளில் பல, கணினிக் கணிப்பையே காட்டுகின்றன. அவற்றுக்குப் பரவலாகத் தீனி போடும் ஐரோப்பிய கோப்பர்னிக்கஸ் சேவையின் உலகக் கணிப்பில் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர். தலத்தெருவை நடுவில் வைத்து நாற்பது கிலோமீட்டர் சதுரம் வரைந்தால் தரங்கம்பாடி உள்ளே வரும், நாகூர் உள்ளே வரும், திருநள்ளாறு வரும், கிழக்கே வங்காள விரிகுடாவும் வரும். அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண். கல்யாணப் பந்தியில் சராசரியாக ஆளுக்கு ரெண்டு ஜாங்கிரி என்று சொல்வது போல. என் இலையில் விழுந்ததா என்பது அதில் தெரியாது.

பச்சை வட்டத்துக்குள்ளும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீடு 2014-இல் அறிவிக்கப்பட்டது. அதில் எட்டு மாசுகள் உண்டு, ஓசோனும் ஒன்று. ஆனால் எட்டையும் அளக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்று அளந்தால் போதும், அதில் ஒன்று நுண்துகளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அளந்தவற்றில் எது மோசமோ அதுதான் குறியீடு. ஓசோனை அளக்காத இடத்திலும் வட்டம் பச்சையாகத்தான் தெரியும். ஆளே போகாத வகுப்பில் யாரும் ஃபெயில் ஆகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், இல்லையா?

நாடு முழுக்கக் கையால் மாதிரி எடுக்கும் தேசியக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று பல ஆண்டுகளாக நடக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளப்பார்கள். அதன் வழக்கமான பட்டியலில் இருப்பவை நாலு: சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, இரண்டு அளவு துகள்கள். ஓசோன் அதில் இல்லை. அதைப் பெரும்பாலும் தானியங்கி நிலையங்களில்தான் அளக்கிறார்கள். 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் துகளைக் குறைப்பதைத்தான் இலக்காக வைத்தது. கண்ணுக்குத் தெரியும் தூசிக்கு ஆள் இருக்கிறது. வெயிலோடு வெயிலாக வருவதற்கு இல்லை.

சரி, நாமே அளப்போம் என்று கிளம்பினேன். கையில் மூவாயிரம் ரூபாய்க் கருவிகூட இல்லை. ஷோன்பைன் விட்டுப்போன காகிதம் இருந்தது.

செய்முறை சுலபம். நூறு மில்லி தண்ணீரில் ஒரு ஸ்பூன் சோளமாவைக் கரைத்துக் கஞ்சி மாதிரி பிசுபிசுக்கும்வரை காய்ச்சி இறக்க வேண்டும். ஒரு கிராம் பொட்டாசியம் அயோடைடு சேர்த்துக் கலக்க வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒரு சிட்டிகை மடித்துக் கொடுத்தான். வடிதாளில் தூரிகையால் பூசி, இருட்டில் காயவைத்துக் கீற்றாக வெட்ட வேண்டும். தொங்கவிடும்போது காய்ச்சி வடித்த தண்ணீரில் லேசாக நனைத்து, நேர் வெயில் படாத இடமாகப் பார்த்துக் கட்ட வேண்டும். ஓசோன் வந்து அயோடைடிலிருந்து அயோடினைப் பிரிக்கும். அயோடின் மாவோடு சேர்ந்தால் ஊதா. ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஓசோன்.

அம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயனாருக்குக் கூழ் ஊத்துற பதத்துல இருக்கே. குடிச்சிராத" என்றாள்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று கீற்று கட்டினேன். ஒன்று சாலையோர டீக்கடைக் கூரைக்கு அடியில். ஒன்று எங்கள் கொல்லையில், துளசி மாடத்துக்கு மேலே கொடியில். மூன்றாவது, ஊருக்கு மேற்கே மாமாவின் உளுந்து வயலில் மோட்டார் கொட்டகை நிழலில். காலை எட்டரைக்குக் கட்டி மாலை நாலரைக்கு அவிழ்த்தேன். எட்டு மணி நேரம். ஏன் எட்டு என்பதைக் கீழே சொல்கிறேன்.

டீக்கடைக் கீற்று அடர்ந்த ஊதாவாக இருக்கும் என்று பந்தயமே கட்டியிருப்பேன். பஸ்ஸும் லாரியும் முகத்தில் ஊதிக்கொண்டு போகிற இடம். ஆனால் அதுதான் ஆக வெளுப்பு. கொல்லையில் கொஞ்சம் நிறம் ஏறியிருந்தது. வயல் கீற்று இரண்டையும்விடக் கருத்திருந்தது.

காரணம் புத்தகத்தில் இருக்கிறது. என் புத்தியில்தான் இல்லை. வண்டிப் புகையில் முதலில் வருவது நைட்ரிக் ஆக்சைடு. அது ஓசோனைக் கண்டால் அங்கேயே பிடித்துத் தின்றுவிடும். அதனால் சாலையோரத்தில் ஓசோன் குறையும். அதே புகை காற்றோடு நகர்ந்து, வெயிலில் மணிக்கணக்காக வெந்து, வண்டியே இல்லாத வயலுக்குப் போய் ஓசோனாக இறங்கும். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு போட்டபோது இந்தியாவின் பல நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு சரசரவென்று இறங்கியது. ஓசோன் பல இடங்களில் ஏறியது. தின்ன ஆளில்லை. நகரம் புகையைப் போடும், கிராமம் ஓசோனை வாங்கிக்கொள்ளும். மற்ற குப்பைக்கும் அப்படித்தானே நடக்கிறது.

அவசரப்பட்டுக் கொண்டாட வேண்டாம். என் காகிதம் அவ்வளவு யோக்கியம் கிடையாது. ஈரம் கூடினாலும் நிறம் ஏறும், நைட்ரஜன் டை ஆக்சைடும் கொஞ்சம் ஏமாற்றும். கடலோரத்தில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? வயலில் வாய்க்கால் வேறு. பொழுதுபோக்குக்கு அது போதும். சட்டத்தின் முன்னால் அந்தக் கீற்றை நீட்ட முடியாது.

கீற்றை அவிழ்க்கும்போது மாமா வரப்பில் நின்றார். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். பிறகு தண்ணீரே கிடையாது, பனியிலும் மிச்ச ஈரத்திலும் வளர வேண்டும். அது பூத்துக் காய்ப்பது தை, மாசி, பங்குனி. ஓசோனுக்கு அடுப்பு நன்றாக எரியும் மாதங்களில் அவையும் உண்டு. ஓசோன் இலைத் துளை வழியாக உள்ளே போகும். மனிதனுக்கு நுரையீரலில் செய்வதைப் பயிருக்கு இலையில் செய்யும். முதிர்ந்த இலையின் மேல் பக்கம், நரம்புகளுக்கு நடுவே பொடிப்பொடியாகப் புள்ளி விழும் என்று படித்திருந்தேன். ஓர் இலையைத் திருப்பினேன், மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி!

"மாமா, ஓசோன் பாருங்க!"

மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மாப்ள, அது மஞ்சத் தேமல். வெள்ளை ஈ பரப்புற சீக்கு. நீ கையில காயிதத்த வச்சுக்கிட்டுப் பாக்கறதெல்லாம் ஓசோன்னு சொல்லாத."

சரியான அடி. ஆனாலும் அவர் விடவில்லை. "நெசமாவே அப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு போவும்?" என்று கேட்டார். இதற்கு என்னிடம் எண் இருந்தது. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2014-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2005-ஆம் ஆண்டில் ஓசோனால் இந்தியா இழந்தது கோதுமையில் சுமார் 35 லட்சம் டன், நெல்லில் சுமார் 21 லட்சம் டன். அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் வி. ராமநாதன். இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அந்தத் தானியம் சுமார் ஒன்பதரைக் கோடி ஏழைகளுக்குச் சோறு போடும் அளவு என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது எலி திங்கறதவிட மோசம். எலியையாவது கிட்டி வச்சுப் புடிக்கலாம்" என்றார்.

அன்று ராத்திரி இன்னும் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் கண்ணில் பட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். தரங்கம்பாடி.

எங்கள் வீட்டிலிருந்து வடக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர். பூவம் தாண்டி நண்டலாற்றுச் சோதனைச் சாவடியைக் கடந்தால் தமிழ்நாடு, அதோடு பொறையாறு, தரங்கம்பாடி. பொறையாறு டி.பி.எம்.எல். கல்லூரியில் காரைக்கால் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரி ஆசிரியர்களும் மேலே சொன்ன புனே நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் சேர்ந்து, 1997 மே முதல் 2000 அக்டோபர் வரை, தரங்கம்பாடிக் காற்றில் தரைமட்ட ஓசோனை அளந்திருக்கிறார்கள். மூன்றரை வருடம். 2003-இல் ‘அட்மாஸ்பியரிக் என்விரான்மென்ட்’ இதழில் கட்டுரையாக வந்திருக்கிறது. அப்போது நான் அந்தச் சாலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவன். பக்கத்தில் யாரோ காற்றைக் கணக்கெழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது இத்தனை வருடம் கழித்துத் தெரிகிறது.

அவர்கள் கண்ட எண்களைச் சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை. பகல் உச்ச அளவின் மாதச் சராசரி அக்டோபரில் சுமார் 17 பிபிபி, மே மாதத்தில் சுமார் 23 பிபிபி. பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. ஓசோனில் ஒரு பிபிபி ஏறக்குறைய இரண்டு மைக்ரோகிராம், ஒரு கன மீட்டர் காற்றில். ஆக 33-லிருந்து 45 மைக்ரோகிராம்.

இப்போது அளவுகோலுக்கு வருவோம். 2009 நவம்பர் 18-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்த தேசியக் காற்றுத் தரத்தில் ஓசோனுக்கு இரண்டு வரம்பு உண்டு. எட்டு மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180. நான் எட்டு மணி நேரம் கட்டியது இதற்காகத்தான். ஆண்டில் 98 சதவீத நேரம் இதற்குள் இருக்க வேண்டும். மிச்சம் இரண்டு சதவீதம் மீறலாம், அதாவது ஆண்டுக்கு ஏழு நாள், அதுவும் அடுத்தடுத்த இரண்டு நாளில் மீறக் கூடாது. தொழிற்பகுதி, குடியிருப்பு, கிராமம், சூழல் நுண்பகுதி எல்லாவற்றுக்கும் ஓசோன் வரம்பு ஒன்றேதான். உலக சுகாதார நிறுவனமும் 2021-இல் எட்டு மணி நேரத்துக்கு 100 என்றே வைத்தது. கூடவே, ஓசோன் கூடுதலாக இருக்கும் ஆறு மாதத்துச் சராசரி 60-ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு புது வரம்பும் சேர்த்தது.

பயிருக்கு ஐரோப்பாவில் வேறு கணக்கு. பகல் வேளையில் 40 பிபிபியைத் தாண்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், தாண்டிய அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். 50 இருந்தால் அந்த மணிக்குப் பத்து. மூன்று மாதத்தில் கூட்டுத்தொகை 3,000 வந்தால் பயிருக்கு அபாயம். வாடகை பாக்கி ஏறுவது போலத்தான். ஒரு நாள் பாக்கி ஒன்றும் செய்யாது, மூன்று மாதம் சேர்ந்தால் சாமான் தெருவுக்கு வரும். நம் நாட்டு வரம்பில் பயிருக்கென்று இப்படித் தனிக் கணக்கு கிடையாது. மாமாவின் உளுந்து மனிதர்களோடு சேர்ந்து 100-க்குள் அடங்கிப் போக வேண்டியதுதான்.

தரங்கம்பாடி எண்கள் இந்த எல்லா வரம்புக்கும் உள்ளே அடங்கிவிடுகின்றன. மே மாதம் மத்தியானம் கடலிலிருந்து கொண்டல் ஏறி வந்து வெக்கையைத் தள்ளுவது இந்தக் கரைக்கே கிடைத்த வரம். சித்தப்பாவோ அம்மாவோ அப்போது கேட்டிருந்தால், "நம்ம காத்து சுத்தம், தூங்குங்க" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த எண்ணை வைத்து இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அங்கன்வாடியில் குழந்தைக்கு எடை அட்டை கொடுப்பார்களே, அதில் முதல் புள்ளி மட்டும் வைத்துவிட்டு அட்டையைப் பரணில் போட்ட மாதிரி இருக்கிறது இது. குழந்தை வளர்ந்து துறைமுகம் கட்டிவிட்டது, ஊருக்கு ஒரு ஷோரூம் வந்துவிட்டது, எங்கள் தெருவிலேயே வாசலுக்கு இரண்டு பைக் நிற்கிறது. முதல் புள்ளியைக் காட்டி ஆரோக்கியம் என்று எப்படிச் சொல்வது?

அளப்பது ஒன்றும் ராக்கெட் வேலையில்லை. நம் தரநிலை சொல்லும் முறைகளில் முதலாவது, புற ஊதா ஒளிமானி. ஒரு குழாயில் காற்றை இழுத்து, 254 நானோமீட்டர் அலைநீள ஒளியை அதன் வழியே விடுவார்கள். வானத்தில் குடையாக இருந்து கதிரைக் குடிக்கும் அதே குணத்தால், குழாய்க்குள்ளும் ஓசோன் ஒளியைக் குடிக்கும். ஓசோனை வடிகட்டிய காற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு ஒளி குறைந்ததோ அதுதான் அளவு. வேண்டியது ஓசோனோடு ஒட்டாத டெஃப்லான் குழாய், தடைபடாத மின்சாரம், குளிரூட்டிய சின்ன அறை, ஒழுங்காகப் பூஜ்ஜியம் சரிபார்க்க ஒரு பொறுப்பான ஆள். கடைசியில் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் ஒரு கல்லூரி அதைச் செய்தது எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது. கல்லூரியில் ஆள் மாறினாலும் வேலை நிற்க வேண்டியதில்லை.

எங்கே வைப்பது என்பது அடுத்த பாடம், என் டீக்கடைக் கீற்று சொல்லித் தந்தது. பஸ் நிலையத்தில் வைத்தால் ஓசோன் குறைவாகக் காட்டும், எல்லோரும் மாலை போட்டுக்கொள்ளலாம். கோடையில் கடற்காற்று நகரப் புகையை மேற்கே தள்ளும். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம்தான் அது வெந்து இறங்கும். சனிப்பெயர்ச்சிக்கு வந்து குவியும் வண்டிகளின் புகை திருநள்ளாற்றிலேயே கிளம்பி இன்னும் மேற்கே போகும், அது வேறு கதை. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது எல்லாம் கடலுக்குப் போய்விடும். வாடையில் வடக்கே இருப்பவர்கள் கொடுப்பதை நாம் வாங்கிக்கொள்வோம். ஆக ஊருக்குள் ஒன்று, மேற்கே வயல்வெளியில் ஒன்று என்று குறைந்தது இரண்டு கருவி வேண்டும்.

அந்த மேற்கு வயல் யாருடையது? இங்கேதான் காரைக்காலாக இருப்பதன் வினோதம் வருகிறது. ஊரைச் சுற்றித் தமிழ்நாடு, கிழக்கே கடல். இந்தப் பக்கக் காற்றுக்குப் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் பொறுப்பு, நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 2020-இல் தமிழ்நாடு சட்டம் போட்டுக் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தது. அந்தச் சட்டம் எங்கள் ஊர் எல்லையில் நின்றுவிடும், ஆனால் அதே ஆறு, அதே சம்பா, அதே உளுந்து. சோதனைச் சாவடியில் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்ப்பார்கள். காற்றின் பையை யார் திறந்து பார்ப்பது? வாஞ்சூரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு நாகூர் போகிறவர், தன் புகையை எந்த மாநிலத்துக் கணக்கில் எழுதுவார்? வரம்பு தேசியத்துக்கு ஒன்றே என்பது இங்கே நமக்குச் சாதகம். எந்தப் பக்கத்தில் நின்று அளந்தாலும் அதே 100. இரண்டு பக்கத்துக் கல்லூரிகளும் ஒரே மாதிரிக் கருவியை வைத்து எண்ணைப் பரிமாறிக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். வேளாண் கல்லூரி எங்கள் பக்கம் இருக்கிறது, முன்னனுபவம் பொறையாற்றில் இருக்கிறது.

அம்மாவின் இழுப்புக்கு ஓசோன்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கோலமாவுத் தூசி இருக்கிறது, ஒட்டடை இருக்கிறது, மார்கழிப் பனி இருக்கிறது, பக்கத்து வீட்டில் கொளுத்தும் சருகு இருக்கிறது. மாமா சொன்ன மாதிரி, காகிதம் கையில் இருந்தால் தேமலும் ஓசோனாகத்தான் தெரியும். அதனால்தான் எண் வேண்டும் என்கிறேன்.

சித்தப்பாவுக்கு மூன்று கீற்றையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். கீழே இரண்டு வரி: விடிகாலையில் ஓசோன் ஆகக் குறைவு, அதனால் கோலம் போட நல்ல நேரம்தான், உங்கள் முடிவு சரி, காரணம்தான் தலைகீழ். அவர் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார். அரை மணி கழித்து, துளசி தினம் இருபது மணி நேரம் ஓசோன் விடுகிறது என்று இன்னொரு செய்தி வந்தது. அதற்குப் பதில் அடுத்த பதிவில்.

போன வாரம் பழைய தினசரிக் காலண்டர் தாள்களைக் கடைக்குப் போடக் கட்டிக்கொண்டிருந்தேன். சில தாள்களில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் பால் பாயின்ட் பேனாவால் சின்னச் சின்னக் கோடு. ஒரு தாளில் ஒன்று, ஒரு தாளில் மூன்று.

"என்னம்மா இது?"

"பஃப் அடிச்ச கணக்கு. டாக்டர் கேக்கறப்ப ஞாபகம் வரமாட்டேங்குது. நாலு வருஷமா எழுதுறேன்."

நாலு வருடம். தரங்கம்பாடிக்காரர்களைவிட ஆறு மாதம் கூட. கட்டை அவிழ்த்துத் தாள்களை மாத வாரியாகப் பிரித்து அலமாரியில் வைத்தேன். இனிமேல் கோட்டுக்குப் பக்கத்தில் மணியையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்றைய தாளில் இருக்கிறது: மூன்றே கால், ஒரு கோடு.